தனிப் பாத்தி, பொதுப் பாத்தி

ஜெர்மனியின் துரிங்கியா மலைக்காட்டுப் பகுதியில் பாட் பிளாங்கன்பர்க் என்று ஒரு சிற்றூர். 1837-இல் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் என்ற ஆசிரியர் அங்கே வந்து, பள்ளி வயதை எட்டாத சின்னப் பிள்ளைகளுக்காக ஓர் இடத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 55. அந்த இடத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று மூன்று ஆண்டுகள் அவருக்குப் பிடிபடவில்லை. 1840-இல் நண்பர்களோடு மலைப்பாதையில் நடந்து வந்துகொண்டிருந்தபோது சட்டென்று பெயர் கிடைத்தது: கிண்டர்கார்டன். பிள்ளைகளைச் செடிகளாகவும் ஆசிரியரைத் தோட்டக்காரராகவும் கண்ட ஒருவரின் உவமை அது என்று நாமெல்லாம் ஆசிரியர் பயிற்சிப் பாடங்களில் படித்திருக்கிறோம். அது சரிதான். ஆனால் ஃப்ரோபெல் உவமையோடு நிற்கவில்லை. அவர் நிஜமாகவே பாத்தி போட்டார்.

அந்தத் தோட்டம் எப்படி அமைய வேண்டும் என்பதைக் கடைசிக் காலத்தில் அவர் விவரமாக எழுதி வைத்தார். நடுவில் பிள்ளைகளின் சிறு பாத்திகள், ஆளுக்கொன்று. அவற்றைச் சுற்றி நான்கு புறமும் எல்லாருக்கும் பொதுவான பாத்திகள், ஒரு பகுதியில் பூச்செடிகள், இன்னொரு பகுதியில் காய்கறியும் தானியமும். இடம் போதவில்லையென்றால் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பாத்தி கொடுக்கலாம், விட்டுக்கொடுத்துப் பழகுவதற்கு அதுவும் நல்லதே என்கிறார். ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு குச்சி நட்டு, அதில் செடியின் பெயரும் பிள்ளையின் பெயரும் இருக்கும். பொதுப் பாத்தியை ஆசிரியரின் சொற்படி எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். தன் பாத்தியில் பிள்ளை எதையும் நடலாம், எப்படியும் நடலாம். ஒழுங்காகப் பார்க்காமல் செடி பட்டுப்போனால், ஏன் பட்டது என்று அந்தப் பிள்ளையே அறிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட வேண்டும்.

பள்ளித் தோட்டத்தின் பிறப்பு எங்கே என்று கேட்டால், இந்தப் பாத்திகளைத்தான் நான் காட்டுவேன். இதற்கு முன்பும் பள்ளிகளில் செடிகள் இருந்தன. ஆனால் தனக்கென்று ஒன்று, எல்லாருக்குமென்று ஒன்று, இரண்டுக்கும் நடுவே நடந்து போக ஒரு வரப்பு என்று ஒரு பிள்ளையின் உலகத்தை மண்ணில் வகுத்துக் காட்டியது இங்கேதான்.

ஃப்ரோபெலுக்கு முன்னோர் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் மொராவியாவைச் சேர்ந்த கொமேனியஸ், பள்ளியை ஒட்டி ஒரு தோட்டம் வேண்டும், பிள்ளைகள் மரங்களையும் பூக்களையும் கண்ணாரக் கண்டு மகிழ வேண்டும் என்று எழுதினார். போரிலும் கொள்ளைநோயிலும் மனைவியையும் குழந்தைகளையும் இழந்து, ஊர் ஊராக நாடு கடந்து அலைந்தவர் அவர். பிள்ளைகளுக்கான படப்பாட நூல்களில் முன்னோடியான ஒன்றை 1658-இல் வெளியிட்டவரும் அவரே. ஆனால் அவருடைய தோட்டத்தில் பிள்ளை பார்வையாளர் மட்டுமே. மண்ணில் கை வைக்கும் வேலை இன்னும் வரவில்லை.

அடுத்தவர் ஹாலே நகரத்தின் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே. 1695-இல் ஏழைப் பிள்ளைகளுக்காக அவர் தொடங்கிய பள்ளி பெரிய கல்வி நிலையமாக வளர்ந்தது. மாணவர்கள் செடிகளை நேரில் கண்டு படிப்பதற்காக அங்கே ஒரு தோட்டமும் இருந்தது. இந்த ஹாலேயை நமக்குத் தெரியும். 1706 ஜூலையில் தரங்கம்பாடிக் கடற்கரையில் வந்து இறங்கிய சீகன்பால்கு அங்கே படித்தவர். தமிழ் எழுத்துகள் வார்த்த அச்சுப் பொருள்கள் அங்கிருந்துதான் வந்தன. பின்னாளில் அதே தரங்கம்பாடி மிஷனுக்கு வந்த ராட்லர், தமிழ் அகராதி தொகுத்த கையோடு தென்னாட்டுச் செடிகளையும் ஊர் ஊராகச் சேகரித்து உலர்த்தி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். சொல்லையும் செடியையும் ஒரே அக்கறையோடு சேர்த்து வைக்கிற அந்த மனசு, செடியைப் பாடமாகக் கருதிய ஒரு கல்வி மரபின் காற்றில் வளர்ந்தது என்று நினைக்க எனக்குப் பிடிக்கும்.

பிறகு ரூசோ. 1762-இல் வந்த ‘எமில்’ நூலில் ஒரு அவரைக் கதை இருக்கிறது. சிறுவன் எமில் ஒரு துண்டு நிலத்தில் அவரை போடுகிறான். நாள்தோறும் தண்ணீர் ஊற்றுகிறான், செடி வளர்வதைப் பார்த்துப் பூரிக்கிறான். ஒரு நாள் வந்து பார்த்தால் எல்லாம் பிடுங்கிப் போடப்பட்டிருக்கின்றன. அழுது ஆர்ப்பாட்டம் செய்கிறான். விசாரித்தால், தோட்டக்காரருக்கும் அவனைவிடப் பெரிய வருத்தம். அந்த இடத்தில் அவர் அருமையான முலாம்பழ விதை போட்டிருந்தார். எமிலின் அவரை அதைக் கெடுத்துவிட்டது. பிறகு பேசித் தீர்த்து, ஓரத்தில் ஒரு சிறு இடம் எமிலுக்கு ஒதுக்கப்படுகிறது.

சொத்துரிமை என்றால் என்ன என்று கற்பிக்க ரூசோ எழுதிய கதை இது. ஆனால் ஆசிரியராக இருப்பவர் இதில் வேறொன்றைப் பார்ப்பார். தண்ணீர் ஊற்றி வளர்த்த ஒன்றைப் பறிகொடுத்த பிள்ளையால்தான் இன்னொருவர் வளர்த்ததன் அருமையைப் புரிந்துகொள்ள முடிகிறது. தோட்டக்காரரின் முலாம்பழத்தைப் பற்றி எமிலுக்குப் பத்து நாள் உபதேசம் செய்திருந்தாலும் அது ஏறியிருக்காது.

ஸ்விட்சர்லாந்தின் பெஸ்டலாட்சி இதையெல்லாம் நிஜப் பிள்ளைகளோடு செய்து பார்த்தார். நொய்ஹோஃப் பண்ணையில் ஏழைக் குழந்தைகளைச் சேர்த்து வேலையும் படிப்பும் ஒன்றாகக் கொடுத்தார். பண வசதியில்லாமல் அது மூடப்பட்டது. பின்னர் இவெர்டன் நகரத்தில் அவர் நடத்திய பள்ளியை ஐரோப்பாவே போய்ப் பார்த்தது. 1808 முதல் 1810 வரை அங்கே தங்கிக் கற்றவர்களில் ஒருவர் ஃப்ரோபெல்.

ஃப்ரோபெலின் பிள்ளைப் பருவம் வறண்டது. ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோதே தாய் இறந்துவிட்டார். அப்பா பாதிரியார், ஊர் வேலையிலேயே மூழ்கியவர். சிற்றன்னை வந்த பிறகு வீட்டில் அன்புக்கு இடமில்லை. அவனுக்குத் துணையாக இருந்தது வீட்டை ஒட்டிய தோட்டம். 15 வயதில் ஒரு வனக் காவலரிடம் தொழில் கற்க அனுப்பப்பட்டான். அந்த ஆள் பெரிதாக எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகள் காடு இருந்தது. பிறகு பெர்லினில் கிறிஸ்டியன் வைஸ் என்ற கனிமவியல் அறிஞரின் கீழ் படிகங்களை வகைப்படுத்தும் வேலை. கல்லுக்குள்ளும் ஓர் ஒழுங்கு இருக்கிறது, அதே ஒழுங்கு செடியில் உயிராகவும் மனிதனில் மனமாகவும் இருக்கிறது என்ற எண்ணம் அவருக்குள் ஊறியது அங்கேதான். அவருடைய நூல்களில் பல பக்கங்கள் எனக்கு மூட்டமாகத்தான் இருக்கின்றன. தோட்டத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் மூட்டம் விலகிவிடுகிறது. எத்தனை பாத்தி, யாருக்கு, எங்கே வரப்பு என்று வீட்டுக்காரரைப்போலப் பேசுகிறார்.

அவருடைய கடைசி ஆண்டு துயரமானது. 1851 ஆகஸ்ட் 7 அன்று பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. நாத்திகமும் சோஷலிசமும் பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு. அவருடைய அண்ணன் மகன் கார்ல் ஃப்ரோபெல் அரசியல் தீவிரமுள்ளவர். அவர் எழுதிய சிறு நூலை இவருடையதோடு அதிகாரிகள் குழப்பிக்கொண்டார்கள். ஃப்ரோபெல் விளக்கம் எழுதினார், எடுபடவில்லை. 1852 ஜூனில் காலமானார். 1860-இல் தடை நீங்கியபோது அவர் இல்லை.

தடையால் ஒரு நன்மையும் விளைந்தது. அவரிடம் பயின்ற பெண்கள் நாடு விட்டு நாடு போனார்கள். 1851-இல் லண்டனிலும் 1856-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலும் கிண்டர்கார்டன்கள் தோன்றின. மழலையர் கல்வி என்ற ஒன்றை உலகத்துக்குக் கொடுத்தவர்கள் இந்தப் பெண்கள்.

ஆனால் கப்பலேறியபோது தோட்டம் பின்தங்கிவிட்டது. ஃப்ரோபெல் பிள்ளைகளுக்காக வகுத்த விளையாட்டுப் பொருள்கள் இருந்தன: நூல் பந்துகள், மரத்தாலான கோளம், உருளை, கனசதுரம். அவற்றைப் பெட்டியில் அடுக்கி விற்கலாம். அமெரிக்காவில் பலகை விளையாட்டுகள் தயாரித்து வந்த மில்டன் பிராட்லியின் நிறுவனம் அதைச் செய்தது. பாத்தியை அப்படிப் பெட்டியில் போட முடியாது. அதற்கு இடம் வேண்டும், தண்ணீர் வேண்டும், மண்ணைத் தொட அஞ்சாத ஆசிரியர் வேண்டும். நகரத்து வாடகைக் கட்டடங்களில் நடந்த பள்ளிகள் பந்தை வைத்துக்கொண்டு பாத்தியை விட்டுவிட்டன. இந்த இழப்பு இன்றுவரை தொடர்கிறது. நம் ஊர் மழலையர் பள்ளி ஒன்றின் சேர்க்கை விளம்பரத்தை எடுத்துப் பாருங்கள். குளிரூட்டிய வகுப்பறை இருக்கும், கண்காணிப்பு கேமரா இருக்கும், செயற்கைப் புல் விரித்த விளையாட்டிடம் இருக்கும். விதை போட ஒரு சாண் மண் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்கிற விளம்பரத்தை நான் பார்த்ததில்லை.

தோட்டம் வேறு வழியில் பள்ளிக்குள் திரும்பி வந்தது. அதை அழைத்து வந்தவை அரசுகள். 1869-இல் ஆஸ்திரியாவில் வந்த ஆரம்பக் கல்விச் சட்டம், கிராமப்புறப் பள்ளிகளுக்கு முடிந்தவரை ஒரு தோட்டமும் இருக்க வேண்டும் என்றது. எராஸ்மஸ் ஷ்வாப் என்பவர் பள்ளித் தோட்டத்துக்காகவே நூல் எழுதி இயக்கமாக்கினார். ஸ்வீடனிலும் இது பரவியது. பழமரம் ஒட்டுக்கட்டுதல், பட்டுப்புழு, தேனீ என்று விவசாய முன்னேற்றத்துக்கான வாகனமாகத் தோட்டம் மாறியது. அந்த நாடுகளுக்கு அது தேவையாக இருந்தது. ஆனால் பிள்ளையின் பாத்தி சுருங்கி, ஆசிரியரின் மாதிரிப் பண்ணை பெருத்தது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தோட்டக்கலைச் சங்கம், 1890-இல் ஹென்றி லிங்கன் கிளாப் என்ற தலைமையாசிரியரை ஐரோப்பாவுக்கு அனுப்பி இந்தத் தோட்டங்களைப் பார்த்துவரச் சொன்னது. அவர் திரும்பி வந்து 1891-இல் பாஸ்டனின் ராக்ஸ்பரி பகுதியில் தன் பள்ளியில் ஒரு தோட்டம் போட்டார். அமெரிக்காவின் முதல் பள்ளித் தோட்டம் என்று இதைத்தான் சொல்வார்கள். அவர் காய்கறியில் தொடங்கவில்லை. அந்த வட்டாரத்துக் காட்டுப்பூக்களையும் பெரணிகளையும் கொண்டுவந்து வைத்தார். தன் ஊரில் என்ன வளர்கிறது என்று நகரத்துப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. சூழல் கல்வி என்று இன்று நாம் சொல்வது அந்தப் பூக்களில் தொடங்கிவிட்டது என்பேன்.

1902-இல் நியூயார்க்கில் ஃபேனி பார்சன்ஸ் என்ற பெண்மணி, நெரிசலான மன்ஹாட்டன் மேற்குப் பகுதியில் குப்பை மண்டிக் கிடந்த ஒரு காலியிடத்தைப் பிள்ளைகளின் பண்ணையாக மாற்றினார். வறுமையும் அடிதடியும் மலிந்த பேட்டை அது. பிள்ளைக்கொரு துண்டு நிலம், நடைபாதை எல்லாருக்கும் பொது. நாலு காய் விளைவிப்பது தன் நோக்கமில்லை, பொதுச் சொத்தைத் தன் சொத்தைப்போலப் பேணும் குணம் பிள்ளைகளுக்கு வர வேண்டும் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். ஃப்ரோபெலின் வரப்பு அங்கே மறுபடியும் தெரிகிறது.

அப்புறம் போர் வந்தது. 1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும், பள்ளித் தோட்டப் படை என்றே ஒன்றைக் கூட்டாட்சி அரசின் கல்வித் துறை அமைத்தது. லட்சக்கணக்கான பிள்ளைகள் சேர்ந்தார்கள். படைப் பிரிவுகள், பட்டைகள், பதவிகள். உணவுக்காகத் தோட்டம், நாட்டுக்காக உணவு. போர் முடிந்தது, பணம் நின்றது, தோட்டங்கள் விளையாட்டு மைதானங்களாயின. பெரியவர்களின் அவசரத்துக்காகப் போட்ட தோட்டம் அந்த அவசரம் தீர்ந்ததும் போய்விடும். பிள்ளைக்காகப் போட்டது மட்டுமே அடுத்த ஆண்டும் இருக்கும். இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப இதுதான் நடக்கிறது.

நம் பக்கம் வருவோம். ரோம் நகரத்துச் சேரிப் பிள்ளைகளுக்காக 1907-இல் பள்ளி தொடங்கிய மரியா மாண்டிசோரி, லண்டனில் லூசி லேட்டர் என்ற ஆசிரியை பிள்ளைகளோடு நடத்திய தோட்ட வேலையைப் பாராட்டி எழுதினார். தண்ணீர் ஊற்றாவிட்டால் செடி வாடும் என்று கண்ட பிள்ளைக்குப் பிறர் சொல்லாமலே பொறுப்பு வருகிறது, விதைத்துக் காத்திருப்பதில் பொறுமை வருகிறது என்பது அவர் கண்டது. 1939-இல் அவர் சென்னை அடையாற்றுக்குப் பயிற்சி கொடுக்க வந்தார். இரண்டாம் உலகப் போர் காரணமாக ஆண்டுக்கணக்கில் இங்கேயே தங்க நேர்ந்தது. 1942 முதல் இரண்டு ஆண்டுகள் கொடைக்கானலில் இருந்தார். அங்கே குளத்துப் பாசியும் புழுவும் மலைச்செடியும் பிள்ளைகளின் பாடப் பொருள்களாயின. உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதை மையமாக வைத்து அவர் வகுத்த கல்வி உருத்திரண்டது நம் பழனி மலைத்தொடரில்தான். நாம் இதைப் போதுமான அளவு கொண்டாடவில்லை.

தாகூர் 1901-இல் சாந்திநிகேதனில் மரத்தடியில் வகுப்பு நடத்தினார். 1924-இல் கிராமத்து ஏழைப் பிள்ளைகளுக்கென்று சிக்ஷா சத்ராவைத் தொடங்கினார். அதில் தோட்டம் பாடத்தின் நடுவிலேயே இருந்தது. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி கூட்டிய மாநாட்டிலிருந்து பிறந்தது ஆதாரக் கல்வி. ஜாகிர் உசேன் குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தபோது நூற்பு, நெசவு, தச்சு ஆகியவற்றோடு காய்கனித் தோட்டத்தையும் அடிப்படைத் தொழிலாகச் சேர்த்தது. சேவாகிராமத்தில் இதைப் பல ஆண்டுகள் முன்நின்று நடத்தியவர் யாழ்ப்பாணத் தமிழர் ஆரியநாயகம். அதற்கு முன் தாகூரோடு சாந்திநிகேதனில் இருந்தவர். அவரும் மனைவி ஆஷா தேவியும் இல்லாமல் அந்தக் கல்வியைப் பற்றிப் பேசவே முடியாது. தமிழ்நாட்டில் 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமம் அதே வழியில் வந்தது.

ஆனாலும் ஆதாரக் கல்வி மக்கள் மனசில் வேர் பிடிக்கவில்லை. பள்ளிச் செலவைப் பிள்ளைகளின் கைவேலை ஈடுகட்ட வேண்டும் என்ற காந்தியின் எண்ணம் பலரை உறுத்தியது. நம் மாநிலத்தில் 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம், தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளை வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வி என்று மக்கள் அதை எதிர்த்தார்கள். 1954-இல் காமராசர் ஆட்சிக்கு வந்து அதைக் கைவிட்டார். அந்த எதிர்ப்பு முழுக்க நியாயமானது. தலைமுறை தலைமுறையாக மண்ணில் கிடந்து உழன்றவர்கள் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது மறுபடியும் மண்வெட்டி பிடிக்கவா? “எழுத்துப் படிக்க அனுப்பினா களையெடுக்கவா விடுறீங்க?” என்று இன்றைக்கும் ஓர் அம்மா கேட்டால் தலைமையாசிரியருக்கு நேர்மையான பதில் இருக்க வேண்டும்.

அந்தப் பதில் பிள்ளைக்கொரு பாத்தி என்பதுதான் என்று நான் நம்புகிறேன். சில பள்ளிகளில் தண்ணீர் சுமப்பதும் குப்பை அள்ளுவதும் குறிப்பிட்ட பிள்ளைகளின் தலையில் மட்டும் விழுவதை நாம் அறிவோம். எந்தச் சாதிப் பிள்ளைகள் என்பதையும் அறிவோம். பள்ளி முழுவதற்கும் ஒரே தோட்டம் போட்டு, “டேய், நீங்க நாலு பேரும் போய் ஊத்துங்க” என்றால் அது கல்வியே இல்லை, ஊர்க்கொடுமை பள்ளிச் சுவருக்குள் வந்துவிட்டது என்று பொருள். மாவட்ட அதிகாரி மகனுக்கும் ஒரு பாத்தி, துப்புரவுப் பணியாளர் மகளுக்கும் அதே அளவில் ஒரு பாத்தி, பொதுப் பாத்தியில் பெயர் வரிசைப்படி எல்லாருக்கும் முறை என்றால் மட்டுமே தோட்டம் பள்ளிக்குள் வரத் தகுதி பெறுகிறது. அப்போது எந்தப் பிள்ளையும் இன்னொருவருக்காக வேலை செய்யவில்லை.

சரி, அந்தப் பாத்தியில் பிள்ளை என்னதான் கற்கிறது?

ஒரே நாளில் அவரையும் துவரையும் மக்காச்சோளமும் ஊன்றச் சொல்லுங்கள். சில நாளில் அவரை தன் இரண்டு தடித்த விதையிலைகளையும் தோளில் தூக்கிக்கொண்டு மண்ணுக்கு மேலே வரும். துவரை தன்னுடையதை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டுத் தளிரை மட்டும் அனுப்பும். மக்காச்சோளம் ஒற்றைக் குருத்தாக ஈட்டிபோல நிற்கும். ஒருவித்திலை, இருவித்திலை என்று மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, அவரையும் துவரையும் இருவித்திலைத் தாவரங்களாக இருந்தும் ஏன் வேறு மாதிரி முளைத்தன என்ற கேள்வி வரும். கேள்வி வந்த பிறகு பாடப்புத்தகம் இனிக்கும்.

பூத்த தட்டைப்பயற்றுச் செடி ஒன்றை வேரோடு மெதுவாகப் பெயர்த்து, கழுவி, வேரில் இருக்கும் முடிச்சுகளில் ஒன்றை நகத்தால் கீறச் சொல்லுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்த நிறமே அடையாளம். நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் புரதத்துக்கு உறவான ஒரு புரதம் அங்கே இருக்கிறது. செடியின் வேரில் ரத்தத்தின் சாயலைக் கண்ட பிள்ளை அதை ஆயுளுக்கும் மறக்காது.

கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம்போல ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். உற்றுப் பார்த்தால் நகரும். அழகுப் பட்டாம்பூச்சி ஒன்றின் புழு அது. இளம் பருவத்தில் பறவைகளிடமிருந்து தப்பிக்க அந்த வேஷம். விட்டுவைத்தால் இலையெல்லாம் தின்னும், கொன்றால் பட்டாம்பூச்சி இல்லை. என்ன செய்யலாம் என்று வகுப்பே கூடிப் பேச வேண்டும். ஒரு செடியைப் புழுவுக்கு விட்டுவிடலாம் என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். சூழல் பற்றிய விழிப்புணர்வு என்று சுவரில் எழுதி வைக்கிறோமே, அது பிறக்கிற நேரம் அதுதான். அசுவினி மொய்த்த அவரைக் கொடியிலும் இதே பாடம் இருக்கிறது. மருந்து தெளிக்காமல் சில நாள் பொறுத்தால் பொறிவண்டுகள் வந்து சேர்வதைப் பார்க்கலாம். வராமலும் போகலாம். அப்போது வேறு வழி யோசிக்க வேண்டும், அதுவும் பாடமே.

கணக்கும் அங்கே இருக்கிறது. வெண்டைக்கு வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் என்றால், 180-க்கு 90 சென்டிமீட்டர் பாத்தியில் 12 செடிகள். பரப்பளவு எதற்கு என்று எந்தப் பிள்ளையும் அப்புறம் கேட்காது. 1990 முதல் 2010 வரை வெளிவந்த 48 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த வில்லியம்ஸ், டிக்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், தோட்டம் வழியாகக் கற்றதில் அறிவியல் பாடமே அதிகம் பயன் பெற்றது, கணக்கும் மொழியும் அடுத்து வந்தன என்று 2013-இல் எழுதினார்கள். ஆய்வுகளின் தரம் இன்னும் உயர வேண்டும் என்றும் அவர்களே சேர்த்துச் சொன்னார்கள். மதிப்பெண்ணுக்காக மட்டும் தோட்டம் கேட்பவர்கள் இந்த இரண்டாவது வாக்கியத்தையும் படிக்க வேண்டும்.

அமெரிக்காவிலேயே தோட்டம் மறுபடி பிறந்ததும் ஒரு பேட்டியால்தான். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் உணவகம் நடத்தும் ஆலிஸ் வாட்டர்ஸ், தான் தினமும் கடந்து போகும் நடுநிலைப் பள்ளி ஒன்று பராமரிப்பில்லாமல் கிடப்பதைச் செய்தித்தாளில் சொல்லிவிட்டார். பள்ளித் தலைமையாசிரியர் கோபித்துக்கொள்ளாமல் அவரையே அழைத்து, என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்றார். 1995-இல் தார் போட்ட தரையைப் பெயர்த்து ஒரு ஏக்கரில் தோட்டமும் பக்கத்தில் சமையலறையும் உருவாயின. விளைந்ததைப் பிள்ளைகளே சமைத்து மேசையில் உட்கார்ந்து சேர்ந்து உண்ணும் வகுப்பு அது. தான் வளர்த்த கீரையைப் பிள்ளை மறுக்காமல் தின்கிறது என்பது நம் பாட்டிகளுக்கும் தெரிந்ததே.

இந்த விஷயத்தில் நாம் அவர்களைவிட வசதியானவர்கள். நம் பள்ளிகளில் ஏற்கெனவே சமையலறை இருக்கிறது. 1956-இல் காமராசர் காலத்தில் மாநிலமெங்கும் பரவத் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 2022 முதல் காலை உணவும் சேர்ந்தது. தட்டு கழுவிய தண்ணீர் ஒவ்வொரு நாளும் ஓடி வீணாகிறது. பல ஊர்களில் அதை வாழைக்கும் முருங்கைக்கும் திருப்பிவிட்டிருக்கிறார்கள். காய் வெட்டிய தோல், உதிர்ந்த வேப்பிலை எல்லாம் எருக்குழிக்குப் போகலாம். பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் போட மத்திய அரசு 2019-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. நிலம் இல்லாத பள்ளிகள் சாக்கிலும் தொட்டியிலும் வளர்க்கலாம். ஒரு சாக்கு என்பது ஒரு பிள்ளைக்கு நல்ல அளவான பாத்திதான்.

இன்னொரு வசதி பருவம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பள்ளித் தோட்டக்காரர்களைக் காலங்காலமாக வாட்டிய பிரச்சினை, செடி செழித்துக் காய்க்கும் மாதங்களில் பள்ளிக்குக் கோடை விடுமுறை என்பது. விதைத்த பிள்ளை அறுவடையில் இருக்காது. நமக்கு அப்படி இல்லை. ஜூனில் பள்ளி திறந்ததும் மண்ணைக் கொத்தி எருப் போட நேரம் இருக்கிறது. ஆடிப்பட்டத்தில் விதைக்கலாம். முளைக்கீரை ஒரு மாதத்துக்குள் கைக்கு வந்துவிடும் என்பதால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்க வேண்டும், அவர்களால் அதற்கு மேல் காத்திருக்க முடியாது. காலாண்டுத் தேர்வுக்கு முன்னே வெண்டையும் கொத்தவரையும் காய்க்கும். வடகிழக்குப் பருவமழையில் பாத்தி மூழ்கினால் வடிகால் எடுப்பது பொதுப் பாத்திக்காரர்களின் முதல் வேலை. பொங்கலுக்கு அவரையும் மொச்சையும் பறிக்கலாம். பிப்ரவரிக்கு மேல் கடைசிக் காய்களைப் பறிக்காமல் கொடியிலேயே முற்றவிட்டு, விதை எடுத்து, சாம்பல் கலந்து, பிள்ளையின் பெயர் எழுதிய உறையில் போட்டுவைக்க வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் நிலம் காயட்டும். அந்த இரண்டு மாதமும் யாரும் தண்ணீர் ஊற்ற வர வேண்டியதில்லை.